வீட்டுக் கூரையை மாற்றுதற்கு ஆகும் செலவு

(மேட்டுப்பாளையத்தை அடுத்த கிராமங்களின் கூட்டுறவுச் சங்க அங்கத்தினர்களுக்குச் செய்த பிரசங்கம்)



வீட்டுக் கூரையை மாற்றும்பொருட்டு நகையை ஈடு வைத்துக் கடன் வாங்குவோர் நம்மிடையே பலர் உண்டு. அவர்களிற் சிலர், பழைய கூரையைப் பிரித்துப் போட்ட பின்னர் பாதி வேலையில் பணம் தீர்ந்து, மழைக்காலம் நெருங்குகையில் மறுபடியும் கடன் தேடி அலைகின்றனர். விலைவாசி ஏறிவிட்டதே இதற்குக் காரணம் என்பர். என் அபிப்பிராயம் வேறு. பெரும்பாலும் மதிப்பீட்டிலேயே பிழை நேர்ந்துவிடுகிறது. நாம் ஓட்டின் விலையை விசாரிக்கிறோம். ஓட்டைத் தாங்கும் மரத்தையும், மரத்தைத் தாங்கும் சுவரையும் பார்ப்பதில்லை. இன்றைய விலைகளை இங்கு நான் கூறப்போவதில்லை. அவை அடுத்த சந்தைக்குள் மாறக்கூடியவை. அளவும் பாரமும் அவ்வாறு மாறுவன அல்ல. ஆகவே அவற்றைப் பற்றியே பேசுகிறேன்.

முப்பது அடி நீளமும் இருபது அடி அகலமும் உள்ள ஓர் ஓட்டு வீட்டை எடுத்துக்கொள்வோம். வீட்டுக்காரர் அதனை 600 சதுர அடி என்பார். தரையைப் பொறுத்தமட்டில் அது சரியே. ஆனால் சுவரை மழையினின்று காக்க நான்கு புறமும் இரண்டடி இறவாணம் விடவேண்டும். உடனே அளவு 34 அடிக்கு 24 அடியாகி, 816 சதுர அடி ஆகிறது. இது கிடைமட்டக் கணக்கு. கூரையோ சாய்வானது. மங்களூர் ஓட்டுக்குரிய 30 பாகைச் சாய்வில், நூறு சதுர அடி ஏறக்குறைய 115 சதுர அடி ஆகும். ஆக, ஓடு பரப்பவேண்டிய இடம் 940 சதுர அடி. நூறு சதுர அடிக்குச் சுமார் 145 ஓடுகள் பிடிக்கும். உடைவதற்கும் சிறிது சேர்த்தால் 1,400 ஓடுகளுக்கு மேல் வேண்டும். தரைக் கணக்கை நம்பி 900 ஓடுகள் வாங்கியவர், கூரையின் மூன்றில் ஒரு பங்கு வானம் பார்த்து நிற்கும்போதுதான் தமது நிலையை அறிவார்.

பழைய ஓடு முழுவதையும் கழித்துவிட வேண்டும் என்பதும் இல்லை. விரலால் தட்டும்போது கணீரென்று ஒலிப்பது நல்ல ஓடு. பாசி படிந்திருப்பது பற்றிக் கவலை வேண்டுவதில்லை; தேய்த்துக் கழுவலாம். ஆனால் ஒரு விஷயத்தைக் கவனிக்கவேண்டும். 1865-ஆம் வருஷம் பாசல் மிஷன் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கியது முதல், மேற்குக் கரையில் இத்தொழில் பரவி, திருச்சூர், பரோக்கு முதலிய இடங்களினின்றும் பாலக்காட்டுக் கணவாய் வழியே ஓடுகள் நமது ஜில்லாவுக்கு வந்தன. ஒரு சாலையின் அச்சில் வார்த்த ஓட்டின் பள்ளம், மற்றொரு சாலையின் ஓட்டில் சரியாகப் பொருந்தாது; இடைவெளி விழுந்து நீர் இறங்கும். அச்சாலைகளிற் பல இக்காலத்தில் மூடப்பட்டுவிட்டன. எனவே பாதி ஓடு பழுதானால், கண்ட இடத்திலெல்லாம் புதிய ஓட்டைச் செருகுவது வீண். தேறிய பழைய ஓடுகளையெல்லாம் ஒரு பக்கச் சாய்வில் சேர்த்துப் போட்டு, மறுபக்கத்துக்கு மட்டும் புதிய ஓடு வாங்குக. இதனால் ஓட்டுச் செலவு ஏறக்குறையப் பாதியாகும்.

மரத்தின் நிலை கூரையைப் பிரித்த பின்னரே முழுதும் தெரியும்; மதிப்பீடு பெரிதும் தவறுவது இங்கேதான். சுவருக்குள் புதைந்திருக்கும் உத்தரத்தின் நுனியைக் கரையான் தின்றிருப்பது வெளியே தெரியாது. பிரிக்குமுன்னரே ஆணியால் குத்திப் பார்க்கவேண்டும். வைரமேறிய பனங்கை மரங்கள் இன்னும் ஒரு தலைமுறைக்கு நிற்கும். பாக்கு மரத்தைப் பிளந்து அடித்த ரீப்பர்கள் அவ்வாறு நில்லா. நாட்டு ஓட்டை எடுத்துவிட்டு மங்களூர் ஓடு போடுவோர், ரீப்பர் முழுவதையும் கழற்றி, ஓட்டின் நீளத்துக்கேற்ப ஏறக்குறைய ஓரடிக்கு ஒன்றாகப் புதிதாய் அடிக்கவேண்டும் என்பதை மறவாதிருக்க வேண்டும். மரத்துக்கும் ஆணிக்கும் தச்சர் கூலிக்கும் ஆகும் தொகை ஓட்டின் கிரயத்தை மிஞ்சிவிடுவதும் உண்டு.

மழைக்கு அஞ்சாமலும், மலையடிவாரத்தில் ஓட்டின்மேல் குதித்து உடைக்கும் குரங்குகளுக்கு அஞ்சாமலும் இருக்கலாம் என்று, ஓட்டைக் கழித்துக் கான்கிரீட் தளம் போட விரும்புவோர் அநேகர். அவ்விருப்பத்தில் குற்றமில்லை. ஆயின் பாரத்தை எண்ணிப் பார்க்கவேண்டும். மேற்சொன்ன வீட்டின் ஓடுகள், ஒன்று இரண்டரை முதல் மூன்று கிலோ வீதம், மொத்தம் மூன்றரை முதல் நான்கு டன் வரை இருக்கும். அதே 600 சதுர அடிக்கு நான்கு அங்குலக் கனத்தில் தளம் போட்டால், அதன் எடை பதினான்கு டன். மண்சாந்து வைத்துக் கட்டிய பழைய சுவர்கள் இதனைத் தாங்கும் என்று எந்தப் பொறியாளரும் உறுதி கூறார். ஆகவே சுவரையும், சில இடங்களில் அஸ்திவாரத்தையும் புதுப்பிக்க வேண்டியதாகும். அப்போது அது கூரை மாற்றும் வேலையன்று, வீடு கட்டும் வேலை. சிமெண்டு மீதான ஜி.எஸ்.டி. வரி 2025 செப்டம்பர் 22 முதல் நூற்றுக்கு 28-லிருந்து 18 ஆகக் குறைந்தது மெய்யே. அந்த மிச்சம் ஒரு பக்கச் சுவருக்கும் போதாது. கூரையின் செலவு எத்தகையது என்பதைச் சர்க்கார் கணக்கிலிருந்தும் அறியலாம். பிரதம மந்திரியின் கிராம வீட்டுத் திட்டத்தில் ஒரு வீட்டுக்கு உரிய தொகை 1,20,000 ரூபாயாக இருக்க, கான்கிரீட் கூரைக்கென்றே தமிழ்நாடு அரசு தனியாக 50,000 ரூபாய் அளித்து வந்தது. அதுவும் போதாமையால் 2020-ஆம் வருஷக் கடைசியில் மேலும் 70,000 ரூபாய் கூட்டப்பட்டது. அதாவது, வீட்டுக்கு எவ்வளவோ கூரைக்கும் அவ்வளவு.

தகரம் முதற்செலவில் குறைந்தது. எடையும் சதுர மீட்டருக்கு ஐந்து கிலோ அளவே. ஆனால் பங்குனி, சித்திரை வெயிலில் அதன்கீழ் குழந்தைகளும் முதியோரும் படும் துன்பத்தை ரசீதில் எழுத இயலாது. காற்றில் பெயராதபடி கொக்கி ஆணிகளை நெருக்கமாக முடுக்குவதில் சிக்கனம் கூடவே கூடாது. ஆஸ்பெஸ்டாஸ் தகடு வேய்ந்த வீடுகளுக்கு மட்டும் ஓர் எச்சரிக்கை. அதன் தூசி நுரையீரலிற் புகுந்து புற்றுநோய் விளைக்கும். 2005 முதல் ஐரோப்பிய ஒன்றியம் அதனை விலக்கியுள்ளது. பழைய தகட்டைச் சம்மட்டியால் உடைத்து இறக்குவது கூலியைக் குறைக்கும், அவ்வாறு செய்யற்க. நீர் தெளித்து நனைத்து, முழுத் தகடாகக் கழற்றி இறக்குக. அதற்காகும் அதிகக் கூலியை மதிப்பீட்டில் முன்னரே சேர்த்துக்கொள்க.

இனி ஏற்றுக் கூலி. பத்து டன் லாரியில் இரண்டு வீட்டு ஓடுகள் தாராளமாக ஏறும். ஒரு வீட்டுக்காரர் தனித்து வாங்கினால் பாதி வெறும் லாரிக்கும் சேர்த்தே வாடகை தருகிறார். நமக்குப் பெருமழை ஐப்பசி, கார்த்திகையில் பெய்கிறபடியால், தை பிறந்ததும் வேலையைத் தொடங்குவது உசிதம். ஆகையால் அடுத்த தையில் கூரை மாற்ற எண்ணியிருப்போர் மார்கழி முடியுமுன் சங்கக் காரியஸ்தரிடம் தங்கள் பெயரைக் கொடுத்தால், ஒரே அச்சு ஓடு வேண்டுவோரை ஒன்றுசேர்த்துக் கொள்முதல் செய்யலாம். பெயரோடு இறவாணம் உட்பட்ட நீள அகலம், தேறக்கூடிய பழைய ஓட்டின் எண்ணிக்கை, அவ்வோட்டின் முதுகில் பதிந்துள்ள சாலையின் பெயர் ஆகியவற்றையும் எழுதிக் கொண்டுவருக.