கட்டணம் கட்டுமுன் கணக்குப் பார்ப்போம்

(நமது ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரை)



வளைகுடா வெயிலில் ஈட்டிய பணத்தைக் கொண்டு ஊரில் ஒரு கடை வாங்கி, அதன் வாடகையில் வாழ வேண்டும் என்பது நம்மில் பலரின் நெடுநாள் ஆசை. அதை அறிந்தே, வணிகக் கட்டட முதலீட்டைக் கற்பிப்பதாகப் பயிற்சி வகுப்புகள் விற்கப்படுகின்றன. கல்வி தேடுவது நன்று. ஆனால் கல்வியின் பெயரால் சேமிப்பை இழப்பது நன்றன்று.

அமெரிக்காவில் 2005 இல் 'டிரம்ப் பல்கலைக்கழகம்' என்ற பெயரில் நில முதலீட்டுப் பயிற்சி தொடங்கப்பட்டது. பெயரில் மட்டுமே அது பல்கலைக்கழகம். முதலில் இலவசக் கூட்டம்; அடுத்து 1,495 டாலருக்கு மூன்று நாள் வகுப்பு; அதன்பின் 35,000 டாலர் வரையிலான தனிப்பயிற்சி எனப் படிப்படியாக ஏற்றினர். ஏமாற்றப்பட்டதாக மாணவர்கள் வழக்குத் தொடுத்தனர். 2016 இல், தவற்றை ஒப்புக்கொள்ளாமலே 2.5 கோடி டாலர் தர இணங்கி வழக்கை முடித்தனர். பெரிய பெயர் நல்ல பாடத்திற்குச் சான்றாகாது என்பதே நாம் பெறும் படிப்பினை.

ஆகவே பணம் கட்டுமுன் நான்கு கேள்விகளைக் கேட்போம்.

ஒன்று: கற்பிப்பவரின் வருவாய் வாடகையிலிருந்து வருகிறதா, மாணவர் கட்டணத்திலிருந்து வருகிறதா? அவர் வாங்கியதாகக் கூறும் கட்டடத்தின் பத்திர எண்ணைக் கேட்டு, வில்லங்கச் சான்றிதழைப் பார்க்கலாம். பதிவுத்துறையின் இணையதளத்தில் அதைக் கட்டணமின்றிப் பார்வையிட இயலும்.

இரண்டு: பாடம் நம் ஊருக்குப் பொருந்துமா? காளவாசல் மேம்பாலம் 2020 இல் திறக்கப்பட்டது. பாலப்பணி நடக்கும் காலத்திலும், வண்டிகள் மேலே செல்லத் தொடங்கிய பின்னும் கீழே உள்ள கடையின் வாடகை என்னவாகும் என்று கணிக்கக் கற்றுத்தராத பாடம் நமக்கு உதவாது. 2024 அக்டோபரில் கடை வாடகைக்கான ஜி.எஸ்.டி. விதி மாறியது, அதை அறியாத பாடம் பழையது.

மூன்று: கணக்கு முழுமையானதா? 60 இலட்சம் ரூபாய்க் கடைக்கு மாதம் 25,000 வாடகை என்றால் ஆண்டுக்கு 3 இலட்சம், அதாவது 5 சதவீதம் என்பார்கள். இரண்டு மாதம் கடை பூட்டிக் கிடந்து, சொத்து வரிக்கும் பராமரிப்புக்கும் 40,000 போனால், மிஞ்சுவது 2,10,000, அதாவது 3.5 சதவீதமே. வங்கி வட்டியோ இதைவிட மிக அதிகம். கடன் வாங்கிப் பெருக்குவதையே உபாயமாகச் சொல்லும் பாடம், வட்டியைத் தவிர்க்கும் நமக்கு எதைக் கற்றுத்தரும்?

நான்கு: பயிற்சியின் முடிவில் அவர்களே மனையோ கடையோ விற்கிறார்களா? அப்படியாயின் அது வகுப்பன்று, விற்பனைக்கூடம். 2016 ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டப்படி, பதிவு பெற வேண்டிய திட்டங்களை விற்றுத்தரும் முகவரும் பதிவு பெற்றிருக்க வேண்டும். அந்தப் பதிவெண்ணைக் கேளுங்கள்.

"இன்றே கட்டினால் பாதிக் கட்டணம்" என்று அவசரப்படுத்தினால் எழுந்து வந்துவிடுங்கள். கட்டணம் திரும்பக் கிடைக்கும் நிபந்தனையை எழுத்தில் பெறுங்கள். வீட்டாரிடமும், கடைவீதியில் வாடகைக்கு விட்டுப் பழகிய நம் பெரியவர்களிடமும் ஒருமுறை கலந்து பேசுங்கள். அவர்களின் அனுபவத்திற்குக் கட்டணம் இல்லை.

நம் உழைப்பின் பயன் நம் பிள்ளைகளுக்குச் சேர அல்லாஹ் அருள்புரிவானாக. வஸ்ஸலாம்.