ராஜா திரும்பி வர்றதில்லை

இன்னைக்கு நாம பேசப்போற ராஜாவோட எடை சுமார் அரை கிராம்.

வட அமெரிக்காவுல ஒரு பட்டாம்பூச்சி இருக்கு. ஆரஞ்சு சிறகு, அதுல கறுப்புக் கோடுகள். பேரு மோனார்க், அதாவது மன்னர். 1874-ல சாமுவேல் ஸ்கடர்ங்கிற பூச்சியியலாளர் இந்தப் பேரைப் பயன்படுத்தினார். உருவம் பெரிசு, பரந்த நிலப்பரப்பை ஆளுதுங்கிறது அவர் சொன்ன காரணம். ஆரஞ்சு வம்சத்துல பிறந்து இங்கிலாந்துக்கு அரசரான மூன்றாம் வில்லியம் ஞாபகமா வந்த பேருன்னு இன்னொரு கதையும் உண்டு.

அந்த வில்லியம் 1702-ல இறந்தார். அவர் ஏறிப் போன குதிரை தடுக்கி விழுந்து, காறை எலும்பு முறிஞ்சு, சில நாள்லயே முடிஞ்சது. அவருக்குப் பிள்ளை இல்லை. அடுத்து வரவேண்டிய ஆன் இளவரசியோட பிள்ளைகளும் யாரும் உயிரோட இல்லை. அதனால ஆனுக்கு அப்புறம் யாருன்னு நாடாளுமன்றம் 1701-லயே சட்டம் போட்டு வைக்க வேண்டியதாச்சு. எந்த அரச பரம்பரைக்கும் பெரிய தலைவலி இதுதான்: எனக்கு அப்புறம் யாரு?

இந்தக் கேள்விக்குப் பட்டாம்பூச்சி வச்சிருக்கிற பதில் எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

குளிர் வர்றதுக்கு முன்னாடி, கனடாவுலயும் அமெரிக்காவோட வடபகுதியிலயும் இருக்கிற மோனார்க்குகள் தெற்கே கிளம்பும். சில பூச்சிகள் 4,000 கிலோமீட்டருக்கு மேல பறந்து, மெக்சிகோவோட மிச்சோவகான் மலைக்காடுகளுக்குப் போய்ச் சேரும். அங்க கிளையே வளையுற அளவுக்குக் கொத்துக்கொத்தா தொங்கிக் குளிர்காலத்தைக் கழிக்கும். வசந்தத்துல வடக்கே திரும்பி, டெக்சாஸ் பக்கம் முட்டை வச்சுட்டு செத்துப்போகும். பிள்ளைகள் இன்னும் கொஞ்சம் வடக்கே போகும். கோடைத் தலைமுறைகளுக்கு ஆயுசு சில வாரம்தான். கடைசியில மூணாவது, நாலாவது தலைமுறை மறுபடி தெற்கே கிளம்பும்.

மெக்சிகோவை அதுங்க பார்த்ததே இல்லை. வழி சொல்ல அப்பா அம்மாவும் இல்லை. சூரியன் இருக்கிற திசையையும், உணர்கொம்புல இருக்கிற உடல் கடிகாரத்தையும் வச்சு வழி கண்டுபிடிக்குது.

நவம்பர் தொடக்கத்துல, இறந்தவர்களுக்கான திருநாள் சமயத்துல அதுங்க வந்து சேரும். முன்னோர்களோட ஆன்மாதான் வருதுன்னு அந்த ஊர் மக்கள்ல பலர் நம்புறாங்க. உண்மையில வர்றது, போன வருஷம் வந்ததுங்களோட பேரன் பேத்திகளும் கொள்ளுப்பேரன்களும்.

இவ்வளவு உறுதியான பரம்பரைக்கு இப்ப ஆபத்து. மோனார்க் புழு சாப்பிடுறது மில்க்வீட் வகைச் செடிகளை மட்டும்தான். களைக்கொல்லி தாங்குற சோளமும் சோயாவும் அமெரிக்காவுல பரவினப்போ, வயல்ல தானா முளைச்சுக்கிட்டிருந்த அந்தச் செடி மருந்தடிச்சே அழிஞ்சுது. காடு வெட்டுறதும் பருவநிலை மாறுறதும் சேர்ந்துக்கிச்சு. மெக்சிகோ காட்டுல பூச்சிகள் அடையுற பரப்பை வருஷா வருஷம் அளக்குறாங்க. 1996-97 குளிர்காலத்துல சுமார் 18 ஹெக்டேர். 2013-14-ல 0.67. 2024-25-ல 1.79.

ஒவ்வொரு ராஜாவும் வழியிலேயே செத்தாலும் இந்த ராஜ்ஜியம் நடக்கும், நடந்துக்கிட்டுதான் இருக்கு. வழி நெடுக ஒரு களைச்செடி முளைக்காமப் போனா மட்டும் நின்னுடும். வரலாற்றுப் புத்தகத்துல ராஜா பேரைப் படிக்கிறப்ப, அந்த நாட்டுல சோறு எங்கேருந்து வந்துச்சுன்னு கேட்கிற பழக்கம் எனக்கு இதுலேருந்துதான் வந்துச்சு.

மில்க்வீட் நமக்கு அந்நியமில்லை. நம்ம எருக்கோட சொந்தக்காரச் செடிதான். மோனார்க்குக்கும் இங்க ஒரு பங்காளி உண்டு: வெந்தய வரியன். அதோட புழுவுக்கு எருக்கு இலைதான் சாப்பாடு. உங்க தெருவுல காலி மனை இருந்தா, எருக்கு இலைக்கு அடியில எட்டிப் பாருங்க. கறுப்பு, வெள்ளை, மஞ்சள் பட்டை போட்ட புழு கிடைக்கலாம். எருக்கம்பால் மட்டும் கண்ணுல படக்கூடாது, ஜாக்கிரதை. மனையைச் சுத்தம் பண்றவங்ககிட்ட அந்த ஒரு செடியை விட்டுடச் சொல்லுங்க.

அடுத்த வாரம் பேசுவோம்.