முழங்கால் வலி மாத்திரை: எது, எவ்வளவு, எத்தனை நாள்?

(அறக்கட்டளையின் மருத்துவ விழிப்புணர்வுக் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

இன்று மூட்டுத் தேய்மானத்துக்கு நாம் சாப்பிடும் மருந்துகளைப் பற்றிப் பேச இருக்கிறோம். நாம் மருத்துவர்கள் அல்லர். மருத்துவர்கள் சொல்லக் கேட்டதையும், அவர்கள் பின்பற்றும் வழிகாட்டுதல்களில் படித்ததையும் உங்கள் முன் வைக்கிறோம். நம் பேச்சைக் கேட்டு யாரும் எந்த மருந்தையும் தொடங்கவும் வேண்டாம், நிறுத்தவும் வேண்டாம். அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்துகொண்டு போனால் போதும்.

இதை அறக்கட்டளை ஏன் பேச வேண்டும் என்று சிலர் நினைக்கலாம். டயாலிசிஸுக்கு உதவி கேட்டு நம்மிடம் வரும் விண்ணப்பங்களோடு மருத்துவக் கோப்புகளும் வருகின்றன. சிறுநீரகம் கெட்டதற்குப் பெரும்பாலும் சர்க்கரையும் பிரஷரும்தான் காரணம். ஆனால் சில கோப்புகளில் இன்னொரு வரியும் இருக்கிறது: "பல வருடங்களாக வலி மாத்திரை சாப்பிட்டவர்." அந்த வரி இனி எந்தக் கோப்பிலும் எழுதப்படக் கூடாது என்பதே நம் நோக்கம்.

முதலில் நோயைப் புரிந்துகொள்வோம். மூட்டில் இரண்டு எலும்புகள் சந்திக்கும் இடத்தில் வழவழப்பான குருத்தெலும்பு இருக்கிறது. வயது, உடல் எடை, பழைய அடி, பரம்பரை ஆகிய காரணங்களால் அது மெலிகிறது. மூட்டைச் சுற்றியுள்ள எலும்பும் தசையும் மாறுகின்றன. இதுதான் தேய்மானம். இடுப்பு மூட்டு என்றால் பெல்ட் கட்டும் இடம் அல்ல. தொடை எலும்பின் பந்து, இடுப்பெலும்பின் கிண்ணத்தில் பொருந்தும் இடம் அது. அங்கே தேய்ந்தால் வலி பெரும்பாலும் கவட்டையில் தெரியும். சிலருக்கு முழங்காலில்கூடத் தெரியும். நம் நாட்டில் முழங்கால் தேய்மானமே அதிகம்.

இனி முக்கியமான செய்தி. தேய்ந்த குருத்தெலும்பை மறுபடி வளர்த்துத் தரும் என்று நிரூபிக்கப்பட்டு மருத்துவர்கள் வழக்கமாகக் கொடுக்கும் மருந்து இன்று எதுவும் இல்லை. மாத்திரையோ ஊசியோ, எல்லாம் வலியைக் குறைப்பவைதான். வலி குறைவது சிறிய விஷயம் அல்ல. வலி குறைந்தால்தான் நடக்க முடியும், பயிற்சி செய்ய முடியும், தூங்க முடியும். ஆனால் வலிக்குத்தான் மருந்து என்று தெரிந்துவிட்டால், வலி இல்லாத நாளில் மாத்திரை எதற்கு என்ற கேள்வி தானாக வரும்.

வலிக்கு முதலில் எடுக்க வேண்டியது மாத்திரை அல்ல, பூசும் ஜெல். டைக்ளோஃபினாக் போன்ற ஜெல்லை முழங்கால் தேய்மானத்துக்கு அமெரிக்க வாதநோய் மருத்துவர் சங்கத்தின் 2019 வழிகாட்டுதலும், இங்கிலாந்தின் நைஸ் அமைப்பின் 2022 வழிகாட்டுதலும் முன்னிறுத்துகின்றன. மாத்திரையாகச் சாப்பிடும்போது இரத்தத்தில் கலக்கும் அளவில் மிகச் சிறு பங்குதான் ஜெல்லிலிருந்து கலக்கிறது. "நானும் தடவினேன், கேட்கவில்லை" என்று சொல்பவர்களில் பலர் பட்டாணி அளவு எடுத்து ஒரு தடவை தேய்த்தவர்கள். மருத்துவர் சொல்லும் அளவு எடுத்து, முழங்காலைச் சுற்றிலும், ஒரு நாளைக்கு மூன்று நான்கு முறை, சில நாட்கள் தொடர்ந்து பூசிப் பார்த்த பிறகே முடிவு சொல்ல வேண்டும். பூசியவுடன் சுடுநீர் ஒத்தடம் கொடுக்கக் கூடாது. புண் உள்ள தோலில் பூசக் கூடாது. இடுப்பு மூட்டு மிக ஆழத்தில் இருப்பதால் அதற்கு ஜெல் பயன்படாது. ஒளு முறியுமோ, நோன்பு முறியுமோ என்று தாய்மார்கள் கேட்பதுண்டு. தோலில் பூசுவதால் இரண்டும் முறிவதில்லை.

அடுத்து மாத்திரைகள். டைக்ளோஃபினாக், அசிக்ளோஃபினாக், இபுப்ரோஃபென், நாப்ராக்சென், எட்டோரிகாக்சிப் எல்லாம் ஒரே குடும்பம். நம் உடம்பில் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள் சுரக்கிறது. மூட்டில் அது வலியையும் வீக்கத்தையும் தூண்டுகிறது. அதே பொருள்தான் இரைப்பையின் உட்சுவரைக் காக்கிறது. சிறுநீரகத்துக்குப் போகும் இரத்த ஓட்டத்தையும் காக்கிறது. இந்த மாத்திரைகள் அந்தப் பொருள் சுரப்பதைத் தடுக்கின்றன. முழங்காலில் மட்டும் தடு, வயிற்றை விட்டுவிடு என்று மாத்திரைக்குச் சொல்ல முடியாது. அதனால்தான் வலி போகும் அதே வேளையில் சிலருக்கு இரைப்பையில் இரத்தக் கசிவும், சிலருக்குச் சிறுநீரகப் பாதிப்பும், சிலருக்கு இரத்த அழுத்தமும் வருகின்றன. மாரடைப்பின் ஆபத்தும் கூடலாம். ரோஃபிகாக்சிப் என்ற மாத்திரை வயிற்றுக்குப் பாதுகாப்பானது என்று உலகம் முழுவதும் விற்கப்பட்டது. மாரடைப்பையும் பக்கவாதத்தையும் அதிகப்படுத்துகிறது என்று தெரிந்த பிறகு 2004-ல் சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டது.

இதைக் கேட்டுப் பயந்துவிட வேண்டாம். தகுந்த ஆளுக்கு, குறைந்த அளவில், குறைந்த நாட்களுக்குக் கொடுத்தால் இவை நல்ல மருந்துகளே. வெறும் வயிற்றில் சாப்பிடக் கூடாது. வயதானவர்களுக்கு இரைப்பையைக் காக்கும் மாத்திரையையும் சேர்த்து மருத்துவர் எழுதுவார். அந்தக் கேஸ் மாத்திரை வயிற்றைத்தான் காக்கும், சிறுநீரகத்தைக் காக்காது. இதைப் பலரும் அறியவில்லை.

யார் மிகவும் கவனமாக இருக்க வேண்டும்? சிறுநீரகக் கோளாறு, இதய நோய், வயிற்றுப் புண் உள்ளவர்கள், இரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுபவர்கள், முதியவர்கள். பிரஷருக்கு எனாலாபிரில், டெல்மிசார்ட்டன் போன்ற மாத்திரையும், நீர் பிரியும் மாத்திரையும் சாப்பிடுகிறவர், அதோடு வலி மாத்திரையும் சேர்த்தால் மூன்றும் கூடிச் சிறுநீரகத்தைத் திடீரென முடக்கிவிடலாம். நம் வீடுகளில் அறுபது வயதைத் தாண்டியவர்கள் பலர் முதல் இரண்டையும் ஏற்கெனவே சாப்பிடுகிறார்கள். மூன்றாவதைத்தான் மருத்துவருக்குத் தெரியாமல் மெடிக்கலில் வாங்குகிறார்கள்.

மெடிக்கலில் "முழங்கால் வலிக்கு ஒரு செட் கொடுங்க" என்று கேட்டு வாங்கும் பழக்கம்தான் இதில் பெரிய ஆபத்து. அந்தச் செட்டில் என்ன இருக்கிறது என்று வாங்குபவருக்குத் தெரியாது. எலும்பு டாக்டர் ஒரு பெயரில் எழுதியது, பல் டாக்டர் வேறு பெயரில் எழுதியது, மெடிக்கலில் கேட்டு வாங்கியது, மூன்றும் ஒரே மருந்தாக இருக்கலாம். அட்டையில் பெரிய எழுத்தில் இருப்பது கம்பெனி வைத்த பெயர். உள்ளே இருக்கும் மருந்தின் பெயர் சிறிய எழுத்தில் இருக்கும். வீட்டில் படித்த பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். அந்தச் சிறிய எழுத்தைப் படித்துச் சொல்லும் வேலையை அவர்களிடம் கொடுங்கள்.

பாராசிட்டமால் பாதுகாப்பானது என்று பெயர் பெற்றது. ஆனால் மூட்டுத் தேய்மான வலியில் அதன் பயன் மிகக் குறைவு என்று ஆய்வுகள் காட்டியதால், இதற்கு அதை வழக்கமாகக் கொடுக்க வேண்டாம் என்கிறது நைஸ். அளவு மீறினால் ஈரலைக் கெடுக்கும். கூட்டு மாத்திரைகள் பலவற்றில் அதுவும் கலந்திருக்கிறது. டிராமடால் போன்ற மாத்திரைகள் மயக்கம், மலச்சிக்கல், பழக்க அடிமைத்தனம் ஆகியவற்றைக் கொண்டுவரும். முதியவர் தடுமாறி விழுந்தால் இடுப்பெலும்பு முறியும். அமெரிக்காவில் முதுகுவலி, மூட்டுத் தேய்மான நோயாளிகள் 240 பேரிடம் ஓராண்டு நடந்து 2018-ல் வெளியான ஆய்வில், அபின் வகை மருந்துகள் சாதாரண வலி மருந்துகளை விட மேலானவை அல்ல என்று தெரிந்தது.

இனி ஊசிகள். மூட்டுக்குள் போடும் ஸ்டீராய்டு ஊசி சில வாரங்களுக்கு நல்ல நிவாரணம் தரும். சர்க்கரை நோயாளிகளுக்குச் சில நாட்கள் சர்க்கரை ஏறும்; முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும். அடிக்கடி போடுவது நல்லதல்ல. 140 பேருக்கு 12 வாரங்களுக்கு ஒரு முறை, இரண்டு ஆண்டுகள் போட்டுப் பார்த்து 2017-ல் வெளியிட்ட ஆய்வில், உப்பு நீர் ஊசி போட்டவர்களை விட ஸ்டீராய்டு போட்டவர்களுக்குக் குருத்தெலும்பு கூடுதலாகத் தேய்ந்திருந்தது. வலியில் வித்தியாசம் இல்லை. மூட்டுக்கு எண்ணெய் விடுவது என்று சொல்லப்படும் ஹையலுரோனிக் ஊசியை நைஸ் பரிந்துரைக்கவில்லை. நம் இரத்தத்தையே எடுத்துச் சுழற்றிப் போடும் பி.ஆர்.பி. ஊசியை 288 பேரிடம் சோதித்த ஆஸ்திரேலிய ஆய்வு, உப்பு நீர் ஊசியை விட அது மேலானதாக இல்லை என்று 2021-ல் சொன்னது. நகையை அடகு வைத்து இந்த ஊசிகளைப் போட்டுக்கொள்ள நினைப்பவர்கள், இன்னொரு மருத்துவரிடமும் கருத்துக் கேட்ட பிறகு முடிவு செய்யுங்கள்.

குளுக்கோசமைன் மாத்திரையை மாதா மாதம் வாங்குகிறவர்கள் நம்மிடையே பலர். 2006-ல் அமெரிக்காவில் அரசு நிதியில் 1583 பேரிடம் ஒரு பெரிய ஆய்வு நடந்தது. மருந்தே இல்லாத வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் 60 சதவீதம் பேர், வலி ஐந்தில் ஒரு பங்காவது குறைந்ததாகச் சொன்னார்கள். குளுக்கோசமைனும் காண்ட்ராய்டினும் சேர்த்துச் சாப்பிட்டவர்களில் 67 சதவீதம். இது கணக்கில் எடுத்துக்கொள்ளத்தக்க வித்தியாசம் அல்ல என்பது ஆய்வாளர்களின் முடிவு. அந்தப் பணத்துக்குப் பருப்பும் முட்டையும் வாங்கினால் தொடைத் தசைக்காவது பலம் சேரும்.

பொட்டலத்தில் விற்கும் பெயரில்லாத பவுடர்களைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். சித்த, யூனானி மருத்துவத்தை நாம் குறை சொல்லவில்லை. பதிவு பெற்ற மருத்துவரிடம், உரிம எண் அச்சிட்ட மருந்தை வாங்குங்கள். பெயரில்லாத பொட்டலங்களில் ஸ்டீராய்டு கலந்திருப்பது பல முறை பிடிபட்டிருக்கிறது. இரண்டே நாளில் வலி பறந்துபோய், பசி கூடி, முகம் உப்பி, சர்க்கரை ஏறினால் சந்தேகப்படுங்கள். ஆனால் பல மாதம் சாப்பிட்டதைச் சட்டென்று நிறுத்துவதும் உயிருக்கு ஆபத்தாகலாம். பொட்டலத்தோடு மருத்துவரிடம் போங்கள்.

அப்படியானால் எதுதான் மருந்து? எல்லா வழிகாட்டுதல்களும் ஒரே குரலில் சொல்பவை இரண்டு: பயிற்சி, எடைக் குறைப்பு. ஒரு கிலோ எடை குறைந்தால், நடக்கும்போது ஒவ்வோர் அடியிலும் முழங்காலின் மேல் விழும் பளு ஏறத்தாழ நான்கு கிலோ குறைகிறது. நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டி, சில நொடிகள் நிறுத்தி இறக்குவது போன்ற எளிய பயிற்சிகளை அரசு மருத்துவமனையின் இயன்முறை மருத்துவப் பிரிவில் இலவசமாகக் கற்றுத் தருகிறார்கள். 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் நடக்க முடியாதவர்களுக்கு வீட்டுக்கே வந்தும் இயன்முறை சிகிச்சை தருகிறார்கள். எடை குறைக்கும் செமாக்ளூடைட் ஊசி, உடல் பருமனோடு முழங்கால் தேய்மானமும் உள்ளவர்களின் வலியைக் கணிசமாகக் குறைத்தது என்று 407 பேரிடம் செய்த ஆய்வு 2024-ல் வெளிவந்தது. அது எல்லோருக்கும் ஏற்றதல்ல. மருத்துவர் மேற்பார்வை இல்லாமல் தொடவே கூடாது. ஆனாலும் எடைக்கும் வலிக்கும் உள்ள உறவை அது உறுதிப்படுத்துகிறது.

இவ்வளவும் செய்து, இரவுத் தூக்கமும் கெட்டு, வீட்டுக்குள் நடமாடவும் முடியாத நிலை வந்தால் மூட்டு மாற்று அறுவையைப் பற்றி மருத்துவரிடம் பேச வேண்டும். செயற்கை முழங்கால் மூட்டின் விலைக்கு மத்திய அரசு 2017-ல் உச்ச வரம்பு விதித்திருக்கிறது. பயந்துகொண்டு பத்து வருடம் மாத்திரையிலேயே ஓட்டுவதை விட அது பலருக்கு நல்லது.

நம் சமுதாயத்துக்கே உரிய இரண்டு விஷயங்கள். "சுஜூது செய்ய வேண்டுமே என்றுதான் தினம் ஒரு மாத்திரை போடுகிறேன்" என்று சொல்லும் பெரியவர்கள் இருக்கிறார்கள். அவர்களின் ஆசையை மதிக்கிறோம். ஆனால் முடியாதவர் உட்கார்ந்து தொழ மார்க்கத்தில் தெளிவான சலுகை இருக்கிறது. உங்கள் பள்ளி இமாமிடம் முறையைக் கேட்டு நாற்காலியில் தொழுங்கள். அல்லாஹ் தந்த சலுகையை ஏற்பதில் குறைவு ஒன்றும் இல்லை. இரண்டாவது ரமலான். சஹரில் வலி மாத்திரையைப் போட்டுக்கொண்டு பகல் முழுவதும் தண்ணீர் இல்லாமல் இருந்தால் சிறுநீரகத்துக்கு இரட்டைச் சுமை. ரமலானுக்கு ஒரு மாதம் முன்பே மருத்துவரிடம் பேசி ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.

மருத்துவரிடம் கேட்க வேண்டியவை நான்கே கேள்விகள். இந்த மாத்திரை எத்தனை நாளைக்கு? என் பிரஷர், சர்க்கரை மாத்திரைகளோடு இது சேருமா? கிரியேட்டினின் எப்போது பார்க்க வேண்டும்? இதற்குப் பதில் ஜெல் போதுமா? போகும்போது வீட்டிலுள்ள எல்லா மாத்திரைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். தனியாகப் போக முடியாதவர்கள் நம் அலுவலகத்தில் சொன்னால் தொண்டர் ஒருவர் உடன் வருவார். கிரியேட்டினின் பரிசோதனைக்குப் பணம் இல்லாதவர்கள் தயங்காமல் கேளுங்கள். டயாலிசிஸுக்குக் கொடுக்கும் தொகையோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமே இல்லை.

அல்லாஹ் நம் அனைவருக்கும் ஆஃபியத்தையும் நீண்ட ஆயுளையும் தந்தருள்வானாக. ஆமீன். வஸ்ஸலாம்.