பஸ் நிறுத்தம் எங்கே வரவேண்டும் என்று யார் சொல்வது?

(அறக்கட்டளையின் மாதாந்திரக் குடும்பக் கூட்டத்தில் நிர்வாகக் குழுவின் சார்பில் ஆற்றிய உரை)



வழக்கமாக இந்தக் கூட்டத்தில் கல்வி உதவி, மருத்துவ உதவி, ரமலான் கிட் இவற்றைப் பற்றித்தான் பேசுவோம். இன்று பஸ்ஸைப் பற்றிப் பேசப் போகிறோம். அறக்கட்டளைக்கும் பஸ்ஸுக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் கேட்கலாம். பதில் எங்கள் கணக்குப் புத்தகத்திலேயே இருக்கிறது.

நமது மருத்துவ உதவிக் கணக்கில் முன்பெல்லாம் மருந்து, பரிசோதனை, டயாலிசிஸ் என்று மூன்றே தலைப்புகள் இருந்தன. இப்போது நான்காவதாக 'ஆட்டோ' என்று ஒரு தலைப்பு வந்திருக்கிறது. சாலையை அகலப்படுத்தியபோது நம் தெருமுனையில் இருந்த நிறுத்தத்தை மேம்பாலத்துக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய்விட்டார்கள். ஆரோக்கியமானவர்களுக்கு அது பத்து நிமிட நடை. வாரம் இரண்டு முறை அரசு மருத்துவமனைக்கு டயாலிசிஸ் செய்யப் போகும் ஓர் உம்மாவுக்கு அது நடக்கவே முடியாத தூரம். அதனால் ஆட்டோ. ஒரு நடைக்கு 150 ரூபாய். மருந்துக்குப் போகவேண்டிய பணம் அதில் போகிறது.

இதில் எங்களுக்கு இன்னும் உறுத்துகிற விஷயம் ஒன்று உண்டு. அந்த வேலை தொடங்கும் முன்பே கருத்துக் கேட்புக் கூட்டம் என்று ஒரு அறிவிப்பு நம் அலுவலகத்துக்கும் வந்தது. படித்தோம், கோப்பில் வைத்தோம். அன்று யாரும் போகவில்லை. நாங்களும் போகவில்லை. பிறகு மனு கொடுத்தபோது, வரைபடம் முடிவாகிவிட்டது என்று சொல்லிவிட்டார்கள். அவர்கள் சொன்னதில் தவறு காண முடியவில்லை.

இப்போது புறநகர்களுக்கு விரைவு பஸ் தடம் வேண்டும் என்ற பேச்சு அடிக்கடி காதில் விழுகிறது. நாளை அது நம் சாலைக்கும் வரலாம். அப்போது நாம் மறுபடியும் கோப்பில் வைத்துவிடக் கூடாது.

விரைவு பஸ் தடம் என்றால் என்ன என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறோம். பஸ்ஸுக்கென்றே சாலையில் தனிப் பாதை. பயணச்சீட்டை நிறுத்தத்திலேயே வாங்கிவிடலாம். நிறுத்தத்தின் தளமும் பஸ்ஸின் தளமும் ஒரே உயரம், படி ஏறவேண்டியதில்லை. அகலமான கதவுகள், அடுத்தடுத்து வண்டிகள். பிரேசிலின் குரிடிபா நகரத்தில் 1974-லேயே இதற்கு அடித்தளம் போட்டார்கள். மெட்ரோ ரயில் கட்டுவதற்கு ஆகும் செலவில் ஒரு சிறு பங்கு போதும் என்பதால் பல நாடுகள் இதை எடுத்துக்கொண்டன. முழங்கால் வலி உள்ளவர்களுக்கும் சக்கர நாற்காலியில் இருப்பவர்களுக்கும் இதைவிட வசதியான பஸ் இல்லை.

ஆனால் இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. இடது ஓரத்தில் ஆட்டோவும் தள்ளுவண்டியும் நிறுத்திய கார்களும் இருப்பதால், பஸ் பாதையைப் பெரும்பாலும் சாலையின் நடுவில் போடுகிறார்கள். நிறுத்தமும் நடுவில்தான் வரும். அப்படியானால் ஒவ்வொரு பயணியும் பாதிச் சாலையைக் கடந்தாக வேண்டும். கைக்குழந்தையோடு, காய்கறிப் பையோடு. எங்கே கடப்பது, சிக்னல் எவ்வளவு நேரம் நிற்கும், நடைமேம்பாலம் என்றால் லிஃப்ட் உண்டா? பஸ் எவ்வளவு வேகமாகப் போகும் என்பதைவிட இந்தக் கேள்விகள்தாம் நம் வீட்டுப் பெரியவர்களுக்கு முக்கியம்.

டெல்லியில் அம்பேத்கர் நகரிலிருந்து மூல்சந்த் வரை சுமார் 5.8 கிலோமீட்டருக்கு இப்படி ஒரு தடத்தை 2008-ல் திறந்தார்கள். சாலையில் இடம் குறைந்துவிட்டது என்று கார் வைத்திருப்பவர்கள் கடும் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். வழக்கு உயர் நீதிமன்றம் வரை போனது. 2012-ல் நீதிமன்றம் தடத்துக்குச் சாதகமாகவே தீர்ப்புச் சொன்னது. ஆனாலும் 2016-ல் அதை இடித்து அகற்றிவிட்டார்கள். வடிவமைப்பில் குறைகள் இருந்தது உண்மை. அந்தச் சாலையில் காரில் போனவர்களைவிட பஸ்ஸில் போனவர்கள் அதிகம் என்பதும் உண்மை. அந்த அதிகம் பேரின் குரல் போதிய அளவு கேட்கவில்லை என்றுதான் எங்களுக்குத் தோன்றுகிறது.

நைஜீரியாவின் லேகோஸ் நகரத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அந்த ஊர் நம் ஊரைப் போன்றது. கோடிக்கும் மேற்பட்ட மக்கள். 'டான்ஃபோ' என்ற மஞ்சள் நிறச் சிறு வேன்கள்தாம் அங்கே எங்கும். நம் ஷேர் ஆட்டோவை நினைத்துக்கொள்ளுங்கள். எங்கும் நிற்கும், எவ்வளவு பேரையும் ஏற்றும், மழை வந்தால் கட்டணம் ஏறும். அந்த நகரத்தின் போக்குவரத்து ஆணையம் விரைவு பஸ் தடம் என்று பேசத் தொடங்கியபோது முதலில் அஞ்சியவர்கள் அந்த வேன் ஓட்டுநர்கள். அவர்களுடைய சங்கம் மிகவும் வலுவானது. அது நினைத்தால் திட்டம் ஒரு நாள்கூட ஓடாது.

ஆணையம் சங்கத்தை எதிரியாக்கவில்லை, உட்கார வைத்துப் பேசியது. வெளிநாடுகளில் இத்தகைய தடங்கள் எப்படி ஓடுகின்றன என்பதைச் சங்கத் தலைவர்களுக்கு நேரில் காட்டியது. கடைசியில் சங்கமே கூட்டுறவு அமைத்து, புதிய பஸ்களை இயக்கும் பொறுப்பை ஏற்றது. இன்னொரு பக்கம், பயணிகளிடம் என்ன வேண்டும் என்று கேட்டார்கள். அழகான நிலையம் வேண்டும் என்று அவர்கள் கேட்கவில்லை. கட்டணம் கையைக் கடிக்காமல் இருக்கவேண்டும், பஸ் நிச்சயமாக வரவேண்டும், வழிப்பறி பயமில்லாமல் போகவேண்டும். திட்டத்தையும் அதற்கேற்ற அளவில் வைத்துக்கொண்டார்கள். 22 கிலோமீட்டர் தடத்தில் சுமார் 65 விழுக்காட்டில்தான் தடுப்புக் கல் வைத்துத் தனிப் பாதை. மீதியில் வெறும் கோடு, சில இடங்களில் அதுவும் இல்லை. 'லைட்' என்று பெயரிலேயே சேர்த்துக்கொண்டார்கள். 2008 மார்ச்சில் பஸ் ஓடத் தொடங்கியது.

இதோடு நிறுத்தினால் கதை இனிப்பாக இருக்கும். ஆனால் சில ஆண்டுகளில் வண்டிகள் பழுதாகின, பராமரிப்பு போதவில்லை, நிறுத்தங்களில் வரிசை நீண்டது. 2015-ல் இக்கொரோடு என்ற புறநகர் வரை தடத்தை நீட்டியபோது, இயக்குவதற்கு வேறு நிறுவனம் வந்தது. ஆகவே தொடக்கத்தில் ஒருமுறை மஷூரா செய்துவிட்டு எழுந்துபோனால் போதாது. பஸ் ஓடத் தொடங்கிய பிறகும் ஆண்டுதோறும் உட்கார்ந்து பேச ஒரு இடம் வேண்டும் என்பதையும் நாம் முதலிலேயே கேட்டு வாங்க வேண்டும்.

அடுத்தது தான்சானியாவின் தார் எஸ் ஸலாம். 2016 மே மாதம் அங்கே சுமார் 21 கிலோமீட்டர் விரைவு பஸ் தடம் ஓடத் தொடங்கியது. புறநகரான கிமாராவிலிருந்து நகர மையத்துக்குப் போகும் நேரம் வெகுவாகக் குறைந்தது. 2018-ல் சர்வதேச விருதுகூடக் கிடைத்தது. பஸ்களை நிறுத்திவைக்கும் டெப்போவை எங்கே கட்டினார்கள் தெரியுமா? ஜங்வானி என்ற இடத்தில், ம்சிம்பாசி ஆற்றின் வெள்ளப் பள்ளத்தாக்கில். சுவாஹிலி மொழியில் 'ஜங்வா' என்றால் பாலைவனம். பெயர்தான் அப்படி. 2011 டிசம்பரில் பெரிய வெள்ளம் வந்து, அந்தப் பள்ளத்தாக்கில் குடியிருந்தவர்களை அரசே ஊருக்கு வெளியே வேறு இடத்துக்குக் கொண்டுபோய்க் குடியமர்த்தியது. அந்த ஆற்றோரத்திலேயே டெப்போ எழுந்தது. பிறகு மழைக்காலங்களில் தண்ணீர் புகுந்தது, பஸ்கள் சேதமடைந்தன, சாலை மூழ்கியபோது சேவையே நின்றது. பிறகு டெப்போவை இடம் மாற்றத் திட்டமிட வேண்டியதாயிற்று. அங்கே டீக்கடை வைத்திருந்த ஒருவரைக் கேட்டிருந்தாலும் தண்ணீர் எதுவரை வரும் என்று சுவரில் கைவைத்துக் காட்டியிருப்பார்.

நமக்கும் அது தெரியும். 2015 டிசம்பரில் முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் படகு விட்டதை நம் பிள்ளைகள் பார்த்தார்கள். நம் பகுதியில் எந்தத் தெருவில் முதலில் தண்ணீர் ஏறும், எந்தச் சுரங்கப்பாதை எத்தனை நாள் மூடிக் கிடக்கும் என்று இங்கே உட்கார்ந்திருக்கும் தாய்மார்கள் வரிசையாகச் சொல்வீர்கள். அந்த விவரம் எந்த அலுவலக வரைபடத்திலும் முழுமையாக இருக்காது. நாம் கொடுக்கவேண்டியது அதைத்தான். "எங்கள் பகுதிக்கு நல்ல பஸ் வசதி வேண்டும்" என்று எழுதிக் கொடுத்தால் அது மனுக்களோடு மனுவாகப் போய்விடும். "வைகறையில் மீன் மார்க்கெட்டுக்குப் போகும் பெண்கள் இத்தனை பேர், இந்த இடத்தில் ஏறுகிறார்கள், கூடையை வைக்க இடம் இல்லை" என்று எழுதினால் வடிவமைப்பவர் அதை ஒதுக்கிவிட முடியாது.

குறிப்பாகப் பெண்களின் பயணம். கணக்கெடுக்க வருபவர்கள் வீட்டு வாசலில் நின்று, "வேலைக்கு எப்படிப் போகிறீர்கள்?" என்று கேட்பார்கள். வாப்பா பதில் சொல்வார், எழுதிக்கொண்டு போய்விடுவார்கள். உம்மா பள்ளிக்கூடம், ரேஷன் கடை, ஆஸ்பத்திரி, மகள் வீடு என்று ஒரே நாளில் நாலு இடம் போய்வருவது எந்தத் தாளிலும் ஏறாது. 2021 மே முதல் நம் மாநிலத்தில் சாதாரணக் கட்டண நகரப் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. ஏசி, எக்ஸ்பிரஸ், டீலக்ஸ் வண்டிகளில் அது கிடையாது. விரைவுத் தடத்தில் எந்த வகை வண்டி ஓடும்? அதில் இந்தச் சலுகை உண்டா? அந்தத் தடம் வந்தால் பழைய சாதாரண பஸ்ஸை நிறுத்திவிடுவார்களா? முதல் கூட்டத்திலேயே கேட்கவேண்டிய கேள்விகள் இவை. வேகமான பஸ் கண்ணெதிரே போக, நம் சகோதரிகள் ஷேர் ஆட்டோவுக்குச் சில்லறை தேடும் நிலை வந்துவிடக் கூடாது.

கேட்பதை மட்டும் பேசினால் நியாயமாகாது. நாமும் விட்டுக்கொடுக்க வேண்டியவை உண்டு. பஸ்ஸுக்குத் தனிப் பாதை என்றால் கடைகளுக்கு முன்னால் வண்டி நிறுத்தும் இடம் போகும். அந்தக் கடைகளில் பல நம்முடையவை. ஜும்ஆ நேரத்தில் பள்ளிவாசல் வாசலில் பாதிச் சாலை வரை இருசக்கர வாகனங்களை நிறுத்துகிறோமே, அதுவும் முடியாது. ஷேர் ஆட்டோ ஓட்டும் நம் வீட்டுப் பிள்ளைகளின் பிழைப்பும் இருக்கிறது. அவர்களை ஒதுக்கிவிட்டுத் திட்டத்தை வரவேற்கும் தீர்மானம் போட எங்களுக்கு மனமில்லை. உள்தெருக்களிலிருந்து நிறுத்தம் வரை ஆட்களைக் கொண்டுவந்து சேர்க்க அவர்களுக்கு அனுமதியும் நிற்க இடமும் கேட்கலாம். கடைக்காரர்களோடு சரக்கு இறக்கும் நேரத்தைப் பேசலாம். இதில் கருத்து வேறுபாடு வரும். அதிகாரிகள் முன்னால் சண்டை போடுவதைவிட, முதலில் நமக்குள் பேசிக்கொள்வது நல்லது.

நாம் தனியாகப் போவதும் சரியல்ல. பக்கத்துக் குடியிருப்போர் நலச் சங்கம், சர்ச் தெருவினர், கோயில் தெருவினர் எல்லோருக்கும் அதே மேம்பாலம்தான், அதே தண்ணீர்தான். அவர்களையும் சேர்த்து ஒரே பட்டியலாகக் கொடுப்போம். விரிவான திட்ட அறிக்கை எழுதி முடிக்கும் முன்பு அந்தப் பட்டியல் உரியவர்கள் கையில் இருக்கவேண்டும். அதற்குப் பிறகு நிறுத்தத்தை ஐம்பது அடி நகர்த்துவதற்குக்கூட ஆண்டுக்கணக்கில் அலைய நேரிடும்.

எனவே அலுவலகத்தில் ஒரு பெரிய நோட்டு வைத்திருக்கிறோம். வரும் திங்கள் முதல் தினமும் அஸருக்குப் பிறகு மஃரிப் வரை திறந்திருக்கும். செவ்வாயும் வியாழனும் பெண்களுக்கு மட்டும், எழுத உதவி செய்ய நம் தையல் வகுப்புச் சகோதரிகள் இருப்பார்கள். ஒரு குடும்பத்துக்கு ஒரு பக்கம். யார் போகிறார்கள், எங்கே, எந்த நேரம், எங்கே ஏறுகிறார்கள், எங்கே மாறுகிறார்கள், எது கஷ்டம் என்று எழுதுங்கள். பெயர் எழுதவேண்டியதில்லை, தெருப் பெயர் போதும். மழைநீர் தேங்கும் இடங்களுக்குத் தனியாக ஒரு வரைபடம் சுவரில் ஒட்டியிருக்கிறோம், பேனாவால் குறித்துவிட்டுப் போங்கள். ஷேர் ஆட்டோ ஓட்டும் தம்பிகளோடு ஞாயிறு இஷாவுக்குப் பிறகு தனியாக உட்காருகிறோம்.

முதல் பக்கத்தை நாங்களே எழுதிவிட்டோம். செவ்வாய், வெள்ளி. காலை ஆறு மணி. அரசு மருத்துவமனை. கூட ஒருவர் வருவார். படி ஏற முடியாது, சாலை கடக்கக் கை பிடிக்கவேண்டும். திரும்பும்போது களைப்பாக இருக்கும், உட்கார இடம் வேண்டும். ஏறவேண்டிய இடம்: பழைய நிறுத்தம்.