ஆற்றின் பெயர் வந்த வழி

பிரம்மபுத்திரையின் கரையில் வாழும் தமிழன்பர்கள் ஒரு செய்தியை அறிந்திருப்பார்கள். அசாமில் பிரம்மபுத்திரா என வழங்கும் அதே ஆறு, திபெத்தில் ஸாங்போ. அருணாசலப் பிரதேசத்தில் சியாங். வங்கதேசத்தினுள் நுழைந்ததும் ஜமுனா. மொழி மாறியதும் பெயரும் அடியோடு மாறிவிடுகிறது. இஃது இயல்பே என்று நாம் கொள்கிறோம். ஐரோப்பாவிலோ இதற்கு நேர்மாறாக நடந்துகொண்ட ஓர் ஆறு உண்டு. ஆங்கில நூல்களின் வாயிலாக டான்யூப் என்று நாம் அறிந்திருக்கும் ஆறு அது. அதன் பெயரைப் பற்றி இன்று சிறிது பேசுவோம்.

ஜெர்மனியின் தென்மேற்கில் கருங்காடு எனப்படும் மலைப்பகுதியில் பிரேக், பிரிகாக் என்னும் இரு சிற்றாறுகள் பிறக்கின்றன. டோனவ்எஷிங்கன் என்னும் ஊரருகே இரண்டும் கூடி டான்யூப் ஆகின்றன. அங்கிருந்து ஏறத்தாழ 2,850 கிலோமீட்டர் ஓடி, பத்து நாடுகளைத் தொட்டு, வியன்னா, பிராட்டிஸ்லாவா, புடாபெஸ்ட், பெல்கிரேடு என்னும் நான்கு தலைநகரங்களைக் கண்டு, கருங்கடலில் கலக்கிறது அவ்வாறு. ஜெர்மானியரும் ஆஸ்திரியரும் அதை டோனவ் என்பர். ஸ்லோவாக்கியருக்கு அது துனாய்; ஹங்கேரியருக்குத் துனா; குரோவேஷியர், செர்பியர், பல்கேரியர் ஆகியோருக்குத் துனாவ்; ருமேனியருக்குத் துனரியா; முகத்துவாரத்தில் உக்ரேனியருக்கு மீண்டும் துனாய். இன்று கரையில் ஓரடி நிலமும் இல்லாத துருக்கியர்கூட அதைத் தூனா என்றே வழங்குகின்றனர். ஹங்கேரிய மொழியும் துருக்கி மொழியும் மற்றவற்றோடு உறவற்றவை. ஆயினும் பெயர் ஒன்றே, உச்சரிப்பே வேறு.

இப்பெயரை இட்டவர் யார்? கரையில் இன்று வாழும் இனத்தாருள் ஒருவரும் அல்லர் என்பதே விடை.

பண்டைக் கிரேக்கர் கருங்கடல் வழியாக வந்து ஆற்றின் கடைப்பகுதியை மட்டும் கண்டனர். அவர்கள் இட்டு வழங்கிய பெயர் இஸ்த்ரோஸ். கி.மு. 5-ஆம் நூற்றாண்டில் ஹெரடோட்டஸ் இப்பெயராலேயே இதனை எழுதினார். தெற்கிலிருந்தும் மேற்கிலிருந்தும் வந்த ரோமானியர் மேற்பகுதியைக் கண்டனர். அங்கு வாழ்ந்த கெல்ட்டு மக்களிடம் டானூவியஸ் என்னும் பெயரைக் கேட்டறிந்தனர் என்பது பெரும்பாலோர் கருத்து. ஸ்திராபோ என்னும் நிலநூலார் இரண்டையும் ஏற்று, மலையிடுக்கின் அருவிகள் வரை டானூவியஸ், அதற்குக் கீழே இஸ்த்ரோஸ் என்று எல்லை வகுத்தார். கீழ்ப்பகுதியின் பெயர் ஒரு விந்தையான பிழைக்கும் இடம் தந்தது. அட்ரியாட்டிக் கடலில் இஸ்திரியா என்றொரு தீபகற்பம் உண்டு. பெயரொற்றுமையைக் கண்ட பழங்காலத்தார், இஸ்த்ரோஸின் ஒரு கிளை அங்கே கடலில் விழுகிறது என்று எழுதிவைத்தனர். அப்படி ஓர் ஆறே இல்லை என்று மூத்த பிளினி கி.பி. முதல் நூற்றாண்டிலேயே மறுக்க வேண்டியதாயிற்று. பெயரை நம்பி நிலப்படம் வரைவதன் அபாயம் இது.

முடிவில் டானூவியஸே வென்றது. ரோமாபுரியில் கி.பி. 113-இல் எழுப்பிய டிராஜன் தூணில், படகுப் பாலத்தின்மேல் படை ஆற்றைக் கடக்கும்போது, தாடியுடைய முதியவராக ஆற்றுத் தேவன் நீரிலிருந்து எழுந்து நோக்குவதை இன்றும் காணலாம். இஸ்த்ரோஸ் என்ற பெயரைத் தந்த கிரேக்கரின் வழிவந்தோரே இந்நாளில் துனாவிஸ் என்றுதான் சொல்கின்றனர்.

பெயரின் வேர் கெல்ட்டு மக்களுக்கும் முந்தையது. 'தானு' என்பது ஒழுகும் நீர் எனப் பொருள்படும் தொன்மையான சொல் என்று மொழிநூலார் கொள்வர். பழைய ஈரானிய மொழியில் அது ஆறு எனப் பொருள்படும். ரிக்வேதத்தில் நீரைத் தடுத்து நின்ற விருத்திரனின் தாய்க்கும் தானு என்றே பெயர்; அவள் மக்கள் தானவர். நம் காப்பியங்களில் அரக்கரையும் அசுரரையும் குறிக்கப் பயிலும் 'தானவர்' என்னும் சொல்லும், வியன்னாவின் பாலத்தடியில் ஓடும் டோனவும் ஒரே வேரின் கிளைகள் எனின், கேட்பவர் முதலில் நகைக்கவே செய்வர். கருங்கடலின் வடபால் வாழ்ந்த சித்தியர், சர்மாத்தியர் ஆகிய ஈரானிய இனத்தார் இதே சொல்லால் பெயரிட்டவையே தொன், நீப்பர், நீஸ்தர் என்னும் பேராறுகளும். அவ்வினத்தார் அச்சமவெளியிலிருந்து மறைந்து நெடுங்காலமாயிற்று. எனினும் அவர்களின் வழிவந்த ஒசேத்தியர் காக்கசஸ் மலையில் வாழ்கின்றனர். தண்ணீருக்கு அவர்கள் மொழியில் இன்றும் 'தொன்' என்றே பெயர்.

இனி, பெயர் கைமாறிய வழியைக் காண்போம். கெல்ட்டு மக்களிடமிருந்தோ ரோமானியரிடமிருந்தோ ஜெர்மானிய இனத்தார் அதைப் பெற்றனர். பொருள் விளங்காத பெயரை நாவு சும்மா விடுவதில்லை. அதன் ஈற்றை 'அவ்' என்று மாற்றிக்கொண்டனர். அவர்கள் மொழியில் அது நீரருகிலுள்ள பசும்புல்வெளி. தாடி வைத்த தேவனும் மறைந்தான். டோனவ் பெண்பாற் பெயராயிற்று. ஜெர்மானியக் கோத்தர்களிடமிருந்து ஸ்லாவியர் பெற்றனர். பின்வந்த ஹங்கேரியரும் துருக்கியரும் தாம் வருமுன் வழங்கியதையே ஏற்றனர். வெற்றிகொண்டு வந்தவர்களும் ஆற்றின் பெயரில் கைவைக்கவில்லை. ஊர்ப் பெயர்களை அவர்கள் அவ்வளவு மரியாதையாக நடத்தவில்லை என்பதையும் சொல்லவேண்டும். லத்தீனின் நேர் வாரிசான ருமேனிய மொழி மட்டும் புதிர் போடுகிறது. துனரியா என்பதன் ஈற்றை டானூவியஸிலிருந்து ஒலிவிதிப்படி வருவிக்க இயலவில்லை. ரோமானியருக்கு முன்பிருந்த தாசியர் வழங்கிய ஒரு வடிவம் அதனுள் உறங்குகிறது என்பர் சிலர். அறிஞர் வழக்கு இன்னும் தீரவில்லை.

ஆற்றைவிட்டு அகன்றவர்களிடம் பெயர் என்ன ஆயிற்று என்பது இவை எல்லாவற்றிலும் நமக்குச் சுவையாகத் தோன்றுகிறது. ஸ்லாவிய மக்கள் வடக்கே பரவியபோது துனாய் என்னும் சொல்லையும் உடன் கொண்டுசென்றனர். போலந்திலும் ரஷ்யாவிலும் நாட்டுப் பாடல்களில் அது பெருநீருக்கெல்லாம் பொதுப் பெயராயிற்று. போலந்தின் தென்பகுதியில் துனாயெத்ஸ் என்றோர் ஆறு ஓடுகிறது. 'சிறு துனாய்' என்பது போன்ற பெயர். அதன் நீரோ டான்யூபை அடைவதில்லை. விஸ்துலாவில் சேர்ந்து பால்டிக் கடலுக்குப் போகிறது. ரஷ்யாவின் வடகோடியில் பாடப்பட்ட வீரகாதை ஒன்றில் துனாய் இவானோவிச் என்னும் வீரன், வீம்பினால் தன் மனைவியைக் கொன்று, துயரம் தாளாமல் தன்னையும் மாய்த்துக்கொள்கிறான். அவன் குருதியே துனாய் ஆறாகப் பெருகிற்றாம். அக்கதை பாடப்பட்ட பனிநாட்டிலிருந்து டான்யூபின் கரை நெடுந்தொலைவு.

சொல்லை மனிதர் சுமந்தது இவ்வாறென்றால், மனிதரே ஆற்றின் பெயரைச் சூடிக்கொண்ட கதையும் உண்டு. துருக்கியர் பின்வாங்கியபின், 18-ஆம் நூற்றாண்டில் ஹாப்ஸ்பர்க் அரசு வெறிச்சோடிக் கிடந்த ஹங்கேரியச் சமவெளியில் ஜெர்மானியக் குடிகளை அமர்த்திற்று. உல்ம் நகரிலிருந்து தட்டையான மரப்படகுகளில் அவர்கள் ஆற்றோடு இறங்கினர். படகு எதிர்நீரில் திரும்பாது. சேர்ந்த இடத்தில் அதைப் பிரித்துப் பலகையாக விற்பார்கள். வந்தவர்கள் லொரேன், ஹெஸ்ஸே, பலாத்தினேட் எனப் பல பகுதியினர். அயலாரோ எல்லோரையும் 'ஸ்வாபியர்' என்றே அழைத்தனர். விந்தியத்துக்கு வடக்கே தெலுங்கரும் கன்னடரும் மலையாளிகளும் நாமும் ஒருசேர 'மதராஸி' என்று அழைக்கப்பட்டதை நினைவுகூர்ந்தால் இது எளிதில் விளங்கும். 1918-இல் அப்பேரரசு சிதைந்து, இக்குடிகள் மூன்று நாடுகளில் பிரிந்து கிடந்தனர். இனி இவர்களை என்னவென்று சொல்வது? எல்லைகளைக் கடந்து அவர்களுக்குப் பொதுவாக எஞ்சியிருந்தது ஆறு ஒன்றே. 1922-ஐ ஒட்டி 'டான்யூப் ஸ்வாபியர்' என்னும் பெயரை நிலநூலார் வழக்கிற்குக் கொண்டுவந்தனர்.

பெயர் கிடைத்து கால் நூற்றாண்டுக்குள் கரை போயிற்று. இரண்டாம் உலகப் போரின் முடிவில் அவர்களுள் பலர் ஓடினர், பலர் விரட்டப்பட்டனர், முகாம்களில் அடைபட்டு மாண்டோரும் பலர். மூதாதையர் படகேறிய ஜெர்மானிய நாட்டிற்கே பலர் அகதிகளாகத் திரும்பினர். உல்ம் நகரில் பழைய கோட்டைப் பகுதி ஒன்றில், ஆற்றங்கரைக்கு அருகே, அவர்கள் வரலாற்றுக்கென ஓர் அருங்காட்சியகம் 2000-இல் திறக்கப்பட்டது. வேறு சில குடும்பங்கள் கடல் கடந்து பிரேசில் சென்றன. 1951-இல் பரானா மாநிலத்தில் ஐந்து ஊர்களை அமைத்துக் குடியேறிக் கோதுமை விதைத்தன. அங்கேயும் அவர்கள் டான்யூப் ஸ்வாபியர் என்றே அறியப்படுகின்றனர். அக்குடியிருப்பின் பெயர் எந்த்ரே ரியோஸ். போர்ச்சுகீசிய மொழியில் 'ஆறுகளுக்கு இடையே' என்று பொருள்.