பெயர் எழுதப்படாத முகங்கள்



கவிஞர்களுக்கு நடுவே வாழ்ந்து, கவிதையைக் கண்ணாடித் தகட்டில் பதிக்க முயன்றவர் ஜூலியா மார்கரெட் கேமரன் அம்மையார். 1815இல் கல்கத்தாவில் பிறந்தவர். 1863 டிசம்பரில், தம் 48ஆம் வயதில், மகளும் மருமகனும் பரிசளித்த கேமராவே அவரைக் கலைஞராக்கியது. இங்கிலாந்தின் வைட் தீவில் அவர் வீட்டுக் கோழிக்கூடு படப்பிடிப்புக் கூடமாயிற்று. நிலக்கரி அறை இருட்டறையாயிற்று.

அக்காலப் புகைப்படக்காரர்கள் துல்லியத்தையே போற்றினர். அம்மையாரோ உருவம் சற்றே மங்கித் தோன்றும்படி விட்டார். பிழையெனத் திறனாய்வாளர் எள்ளினர், அவர் மாறவில்லை. அயலாரான கவிஞர் டென்னிசனும், அறிவியலறிஞர்களான டார்வினும் ஹெர்ஷலும் அவர் முன் அசையாமல் அமர்ந்தனர். வீட்டுப் பணிப்பெண் மேரி ஹில்லியர் அன்னை மரியாளாக அமர்ந்தார். அப்பணிப்பெண்ணின் பெயரும் கலை வரலாற்றில் நிலைத்தது.

ஆர்தர் மன்னனைப் பற்றிய தம் காவியத்துக்குப் படம் எடுத்துத் தருமாறு டென்னிசன் வேண்டினார். அம்மையார் எடுத்த படங்கள் நூலில் சிறு மரச்செதுக்குகளாகச் சுருங்கின. மனம் ஒப்பாத அவர், பெரிய அளவில் தாமே தொகுதியாக வெளியிட்டார். கவிதைக்குப் பக்கத்துணையாக நிற்க அவர் கலை இசையவில்லை.

1875இல் கேமரன் குடும்பம் இலங்கைக்குப் பெயர்ந்தது. கணவர் சார்லஸ் ஹே கேமரன், 1830களில் அத்தீவின் நீதித்துறைச் சீர்திருத்தத்துக்குப் பரிந்துரை வழங்கியவர். அங்கே கோப்பித் தோட்டங்களும் உடையவர். மலையகக் கோப்பித் தோட்டங்களில் உழைத்தோருள் மிகப் பலர் தமிழகத்திலிருந்து சென்றவர்கள். களுத்துறையிலும் அம்மையார் படம் எடுத்தார். இலங்கையில் எடுத்தவற்றுள் முப்பதுக்கும் குறைவானவையே இன்று அறியப்படுகின்றன.

அவற்றுள் ஒன்று, 1878இல் எடுத்த களுத்துறைக் குடியானவர் படம். சிறுமிக்குப் பன்னிரண்டு வயது என்றும், தந்தையெனச் சொல்லிக்கொண்ட முதியவர் தமக்கு நூறு வயது என்றார் என்றும் குறிப்பு உண்டு. வயது உண்டு, பெயர் இல்லை. ஒளி அதே ஒளி. கையும் அதே கை. டென்னிசனுக்குக் கிடைத்த பெயர் அச்சிறுமிக்குக் கிடைக்கவில்லை.

1879 சனவரியில் அம்மையார் இலங்கை மலைநாட்டிலேயே மறைந்தார். அவர் கலையின் பெருமை குறையாது. அக்குறிப்பின் வெற்றிடமும் நிரம்பாது.

பிறர் வாழ்வைப் பாட்டாக்கும் ஒவ்வொருவரையும் அச்சிறுமியின் முகம் ஒன்று கேட்கிறது: பாடியவர் பெயர் நூலின் அட்டையில் இருக்கிறது, பாடப்பட்டவர் பெயர் எங்கே?