முப்பது வயதில் பார்கின்சனா?

பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டங்களில் யாருக்காவது கை உதறினால், "வயசாச்சு, அப்படித்தான்" என்று சொல்லி விட்டுவிடுகிறோம். பார்கின்சன் நோய் முதியவர்களுக்கே அதிகம் வருகிறது, உண்மைதான். ஆனால் முப்பது வயதில் கொழுந்தெடுக்கும் பெண்ணுக்கும் அது வரலாம். அப்போது கையை விட்டுவிட்டுக் காலில்கூடத் தொடங்கும்.

கொழுந்து நிறுத்துவிட்டு மடுவத்திலிருந்து லயத்துக்கு ஏறும்போது ஒரு பாதம் உள்பக்கமாகத் திருகும். பெருவிரல் மடங்கிக்கொள்ளும். இரவு நன்றாகத் தூங்கி எழுந்தால், காலையில் பிரட்டுக்கு ஒன்றுமே நடக்காததுபோல் போவாள். சாயந்தரம் மறுபடியும் திருகும். கங்காணி நடிப்பு என்பார், வீட்டார் கோடாங்கியைத் தேடுவார்கள்.

இப்படி இளவயதில் வரும் ஒரு வகைக்குக் காரணமான 'பார்க்கின்' மரபணுவை 1998-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். கலங்களுக்குச் சக்தி தரும் இழைமணிகள் பழுதானால், அவற்றை அகற்ற உதவுவது இந்த மரபணு உண்டாக்கும் புரதம். அது வேலை செய்யாவிட்டால், மூளையில் டோபமைன் சுரக்கும் கலங்கள் அழிந்துபோகும். இவர்களுக்கு ஞாபகம் பெரும்பாலும் கெடுவதில்லை. நோயும் மெதுவாகவே நகரும். லெவோடோபா குளிசை குறைந்த அளவிலேயே நன்றாகக் கேட்கும். ஆனால் அதன் பக்கவிளைவாக உடம்பு தன்பாட்டில் நெளிவதும் சீக்கிரமே வந்துவிடும்.

கிளினிக் காலையில்தானே? அந்நேரம் கால் நேராக இருக்கும். முந்தின நாள் சாயந்தரமே போனில் வீடியோ எடுத்துக்கொண்டு போங்கள்.

தாயிடமிருந்து ஒன்று, தகப்பனிடமிருந்து ஒன்று எனப் பார்க்கின் மரபணுவின் இரண்டு பிரதியும் பழுதாக வந்தால்தான் இந்த வகை நோய் வரும். மாமன் மகள், அத்தை மகன் என்று சொந்தத்துக்குள் கட்டும்போது இருவரிடமும் அதே பழுது இருக்க வாய்ப்புக் கூடுகிறது. அப்படி இருந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய்க்கான வாய்ப்பு நாலில் ஒன்று. சொந்தத்தில் கட்டியவர்கள் எல்லோரும் இதைக் கேட்டுக் கலங்க வேண்டாம். பார்கின்சன் நோயாளிகளில் பரம்பரையாக வந்தவர்கள் சிறு பங்குதான். ஆனால் வைத்தியர் கேட்காவிட்டாலும் இந்த உறவுமுறையைச் சொல்லிவிடுங்கள்.

வேறு மரபணு பழுதானால் நோயின் போக்கும் வேறு. இத்தாலியின் கொன்தூர்சி என்ற ஊரிலிருந்து, நம் முன்னோர் இந்த மலைக்கு வந்ததுபோல, அமெரிக்காவுக்குப் பிழைக்கப் போன குடும்பமொன்றில் பல தலைமுறைகளாக இந்த நோய் இருந்தது. ஆல்பா சைனியூக்ளின் என்ற புரதத்துக்கான மரபணுவில் ஒரு பிழைதான் காரணம் என்பது 1997-இல் தெரிந்தது. 2003-இல் அமெரிக்காவின் அயோவாக் குடும்பமொன்றில் இன்னொரு விநோதம் தெரியவந்தது. அங்கே அதே மரபணுவில் எழுத்துப்பிழையே இல்லை, ஒரு நிறமூர்த்தத்தில் மட்டும் அது மும்மடங்காகியிருந்தது. இளமையிலேயே நோய், கூடவே கடும் மறதி. இரட்டிப்பாக மட்டும் உள்ளவர்களுக்கு நோய் பொதுவாகப் பிந்தியும் இலேசாகவும் வருகிறது. பிரதி கூடக்கூட நோயும் கூடுகிறது.

ஜிபிஏ என்ற மரபணுவில் மாற்றம் உள்ளவர்களுக்கு ஞாபகம் சீக்கிரம் தளரும் ஆபத்து அதிகம். எல்ஆர்ஆர்கே2 மாற்றத்தால் வருவதோ சாதாரண முதுமைப் பார்கின்சன் மாதிரியே இருக்கும். அந்த மாற்றத்தைச் சுமந்தும் சாகும்வரை நோயே வராதவர்களும் உண்டு.

எந்த வகையானாலும் வைத்தியம் தொடங்க மரபணுச் சோதனைக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. டிக்கோயா கிளங்கன் ஆதார வைத்தியசாலையில் காட்டி, நரம்பியல் நிபுணரிடம் போகக் கடிதம் கேளுங்கள். தொடங்கிய குளிசையைத் திடீரென நிறுத்தாதீர்கள். உடம்பு விறைத்து, காய்ச்சல் ஏறி, உயிருக்கே ஆபத்தாகலாம். அடுத்த கிளினிக் திகதிக்கு முன்பே குளிசை முடிந்துவிடும் போலிருந்தால், தோட்ட மருந்தகத்திலாவது உடனே சொல்லிவையுங்கள்.